சொல்லிணைகளும் பொருள் வேறுபாடும்

நுழையும்முன்

ஒரே பொருளைக் குறிக்கும் இரு சொற்கள் ஒரு மொழியில் நெடுங்காலம் ஒன்றுபோல வாழ்வதில்லை. இரண்டில் ஒன்று வழக்கொழியும். அல்லது இரண்டும் பொருளைப் பங்கிட்டுக்கொண்டு தனித்தனி இடங்களில் நிலைபெறும். ஆங்கிலத்தில் இத்தகைய சொல்லிணைகள் மிகுதி. அறிவியல், மருத்துவம், சட்டம், நிருவாகம் ஆகிய துறைகளின் கருத்துகள் பெரும்பாலும் ஆங்கில வழியாகவே தமிழுக்கு வருகின்றன. ஆகவே, அம்மொழியின் நெருங்கிய சொற்களுக்கு இடையிலுள்ள வேறுபாட்டை அறிவது தமிழைச் செம்மையாக எழுத விரும்புவோர்க்கும் தேவையாகிறது.

ஈ, தா, கொடு

நெருங்கிய பொருளுடைய சொற்களை வேறுபடுத்தி ஆராய்வது தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் எச்சவியலில் ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்கள் ஆராயப்படுகின்றன. மூன்றும் ஒரு பொருளைக் கேட்டுப் பெறுவதற்கு வழங்கும் சொற்களே. ஆயினும், தாழ்ந்த நிலையில் உள்ளவன் உயர்ந்தவனிடம் கேட்கும்போது ‘ஈ’ என்பான். ஒத்த நிலையினன் ‘தா’ என்பான். உயர்ந்த நிலையில் உள்ளவன் ‘கொடு’ என்பான் என்று அந்நூல் வரையறுக்கிறது. கேட்கப்படும் பொருள் மாறவில்லை. கேட்போனுக்கும் கொடுப்போனுக்கும் இடையிலான உறவே சொல்லை மாற்றுகிறது. பொருள் ஒன்றாக இருப்பினும் பயன்பாடு வேறாகலாம் என்னும் மொழியியல் உண்மை இதில் அடங்கியுள்ளது. இவ்வுண்மையைத் துணையாகக் கொண்டு ஆங்கிலச் சொல்லிணைகளை அணுகலாம்.

இணைகள் பெருகிய வரலாறு

ஆங்கிலத்தின் அடிப்படைச் சொற்கள் செருமானிய மொழிக்குடும்பத்தைச் சார்ந்தவை. 1066ஆம் ஆண்டு ஹேஸ்டிங்ஸ் போரில் நார்மண்டியின் கோமகன் வில்லியம் வெற்றிபெற்று இங்கிலாந்தின் மன்னரானார். அவருடன் வந்த ஆளுங்குடியினர் பிரெஞ்சு பேசினர். அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு வழங்கியது; திருச்சபையிலும் கல்வியிலும் இலத்தீன் கோலோச்சியது; உழவரும் கைவினைஞரும் ஆங்கிலமே பேசினர். 1362ஆம் ஆண்டில்தான் நீதிமன்றங்களில் ஆங்கிலத்தில் வழக்காட வேண்டும் என்று சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டமே பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டிருந்தது என்பது அக்காலத்தின் மொழிநிலையைத் தெளிவாகக் காட்டும்.

மும்மொழிகளும் ஒரு நிலத்தில் நூற்றாண்டுகள் உடனிருந்தமையால் ஒரு பொருளுக்கு இரண்டு, மூன்று சொற்கள் சேர்ந்தன. பசுவைக் குறிக்கும் ‘கவ்’, ஆட்டைக் குறிக்கும் ‘ஷீப்’ ஆகியவை பழைய ஆங்கிலச் சொற்கள். ‘பீஃப்’, ‘மட்டன்’ ஆகியவை பிரெஞ்சிலிருந்து வந்தவை. காலப்போக்கில் முன்னவை மேயும் விலங்கையும் பின்னவை அதன் இறைச்சியையும் குறிக்கும் சொற்களாக நிலைபெற்றன. உயிலைக் குறிக்கும் ‘வில்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் ‘டெஸ்டமென்ட்’ என்னும் இலத்தீன்வழிச் சொல்லும் சட்ட ஆவணங்களில் இன்றும் இணைந்தே எழுதப்படுகின்றன. விடுதலையைக் குறிக்கும் ‘ஃப்ரீடம்’, ‘லிபர்ட்டி’ என்னும் இணையும் இவ்வாறு இரு மூலங்களிலிருந்து வந்ததே.

எனவே, ஆங்கிலச் சொல்லிணை ஒவ்வொன்றிலும் ஒரு வரலாறு இருக்கிறது. அவ்விணைகள் பொருளைப் பங்கிட்டுக்கொண்ட முறையை அறியாமல் இரண்டையும் ஒரே தமிழ்ச் சொல்லால் பெயர்த்தால், மூலத்தில் இருந்த வேறுபாடு தமிழில் மறைந்துபோகும்.

அறிவியலில் சொல்லிணைகள்

அன்றாட வழக்கில் ஒன்றாகக் கருதப்படும் சொற்களை அறிவியல் பிரித்தே வழங்கும். ‘ஸ்பீடு’, ‘வெலாசிட்டி’ ஆகிய இரண்டும் பொதுவழக்கில் விரைவையே குறிக்கும். இயற்பியலில் முன்னது வேகம், பின்னது திசைவேகம். 400 மீட்டர் ஓடுதளத்தை ஒரு மாணவி 80 வினாடிகளில் ஒருமுறை சுற்றிவந்து புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறாள் எனக் கொள்வோம். அவளுடைய சராசரி வேகம் வினாடிக்கு 5 மீட்டர். ஆனால், தொடங்கிய இடமும் முடிந்த இடமும் ஒன்றாதலால் இடப்பெயர்ச்சி சுழி. சராசரித் திசைவேகமும் சுழி. ‘திசை’ என்னும் ஓர் அடையைச் சேர்த்ததன்மூலம் இவ்வேறுபாட்டைத் தமிழ்க் கலைச்சொல் தெளிவாக உணர்த்திவிடுகிறது.

‘மாஸ்’, ‘வெயிட்’ என்னும் இணை நிறை, எடை எனத் தமிழில் வழங்கும். 60 கிலோகிராம் நிறையுடைய ஒருவரின் எடை புவியில் ஏறத்தாழ 588 நியூட்டன். நிலவில் ஏறத்தாழ 97 நியூட்டன். அவருடைய நிறை இரண்டு இடங்களிலும் 60 கிலோகிராம்தான். நிறை என்பது பொருளின் அளவு. எடை என்பது அப்பொருளின்மீது செயற்படும் ஈர்ப்புவிசை. கடைத்தெருவில் ‘எடை’ என்பது நிறையைக் குறிக்கவே வழங்குகிறது. அது பொதுவழக்கு; பிழையன்று. ஆனால், அறிவியல் விடைத்தாளில் அவ்வாறு எழுதுவது பிழையாகும். களம் மாறும்போது சொல்லின் பொருளெல்லையும் மாறும் என்பதற்கு இது தக்க சான்று.

வெப்பம், வெப்பநிலை ஆகியவையும் இத்தகையனவே. ஒரு குவளை நீரும் ஓர் அண்டா நீரும் கடல்மட்டத்தில் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். இரண்டின் வெப்பநிலையும் ஒன்றே. ஆனால், அண்டா நீரைக் கொதிக்கவைக்கத் தேவைப்படும் வெப்பம் பன்மடங்கு மிகுதி.

அளவீட்டில் வழங்கும் ‘அக்யூரசி’, ‘பிரிசிஷன்’ என்னும் இணையைத் தமிழில் துல்லியத்தன்மை, நுட்பம் என்று வழங்குவர். 100 கிராம் படிக்கல்லை ஒரு தராசு ஐந்துமுறையும் 102.3 கிராம் என்றே காட்டினால், அதன் அளவீடுகளில் நுட்பம் உண்டு, துல்லியத்தன்மை இல்லை. ஒருமுறை சொன்னதையே மீண்டும் மீண்டும் சொல்வது வேறு. உண்மையைச் சொல்வது வேறு.

உயிர் காக்கும் வேறுபாடு

சில சொல்லிணைகளில் நேரும் குழப்பம் மதிப்பெண்ணோடு முடிந்துவிடுவதில்லை. உயிருக்கும் ஊறு விளைக்கும்.

எண்ணெய் ஏற்றிச் செல்லும் ஊர்திகளில் ‘இன்ஃபிளேமபிள்’ என்று எழுதியிருப்பதைக் காணலாம். ‘எளிதில் தீப்பற்றக்கூடியது’ என்பது அதன் பொருள். ‘ஃபிளேமபிள்’ என்னும் சொல்லுக்கும் அதுவே பொருள். ‘விசிபிள்’ என்பதன்முன் ‘இன்’ சேர்ந்தால் ‘கண்ணுக்குப் புலப்படாதது’ என எதிர்மறைப் பொருள் தோன்றும். ஆகவே, ‘இன்ஃபிளேமபிள்’ என்பதைத் ‘தீப்பற்றாதது’ என்று ஒருவர் பிறழ உணரக்கூடும். உண்மையில், இச்சொல்லில் உள்ள ‘இன்’ எதிர்மறை முன்னொட்டு அன்று. தீ மூட்டுதலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து இச்சொல் முழுவடிவில் வந்தது. இக்குழப்பம் தீநேர்ச்சிக்கு வழிவகுக்கும் என்பதனால், அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் 1920களில் ‘ஃபிளேமபிள்’ என்னும் வடிவத்தையே வழங்குமாறு வலியுறுத்தியது. தீப்பற்றாத பொருளுக்கு ‘நான்-ஃபிளேமபிள்’ என்பதே உரிய சொல்.

2020ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்றின்போது ‘ஐசொலேஷன்’, ‘குவாரன்டைன்’ என்னும் இரு சொற்கள் நாள்தோறும் செவியில் விழுந்தன. நோயுற்றவரை மற்றவர்களிடமிருந்து பிரித்துவைத்தல் முன்னது. நோய்த்தொற்றுக்கு ஆளாகியிருக்கலாம் என்ற ஐயத்திற்குரிய, ஆனால் நோய் உறுதிசெய்யப்படாத ஒருவரைக் குறிப்பிட்ட நாள்கள் தனியே வைத்துக் கண்காணித்தல் பின்னது. தமிழ்ச் செய்திகளில் இரண்டும் ‘தனிமைப்படுத்தல்’ என்றே பெரிதும் வழங்கின. நோயாளியின் வீட்டார் ‘தனிமைப்படுத்தப்பட்டனர்’ என்று படிப்பவர், அவர்களுக்கும் நோய் வந்துவிட்டது என எண்ண இடமுண்டு. நோயில்லாதவரை நோயாளியுடன் ஒரே இடத்தில் வைத்தால் தொற்று பரவும் என்பதனாலேயே மருத்துவம் இவ்விரண்டையும் பிரித்தது. ‘நோயர் தனிமை’, ‘கண்காணிப்புத் தனிமை’ எனத் தமிழிலும் வேறுபடுத்தினால் இக்குழப்பம் நீங்கும்.

‘ஹசார்ட்’, ‘ரிஸ்க்’ என்னும் இணையும் இங்கு எண்ணத்தக்கது. முன்னது தீங்கு விளைக்கக்கூடிய தன்மை. பின்னது அத்தீங்கு நேர்வதற்கான வாய்ப்பு. கூண்டிலுள்ள புலி முன்னதற்குச் சான்று. கூண்டுக்கதவு திறந்திருப்பின் பின்னதும் சேரும். 2015ஆம் ஆண்டு உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்தப்பட்ட இறைச்சியைப் புகையிலை இடம்பெற்றிருந்த முதல் தொகுதியிலேயே சேர்த்தது. இரண்டும் ஒரே அளவு தீங்கானவை எனப் பலர் கருதினர். புற்றுநோயை உண்டாக்கும் தன்மைக்கான சான்று எவ்வளவு உறுதியானது என்பதையே அத்தொகுப்பு காட்டுகிறது. புற்றுநோய் வருவதற்கான வாய்ப்பின் அளவை அது காட்டுவதில்லை. இரு சொற்களின் வேறுபாட்டை அறிந்தவர் அச்செய்தியைப் பிழையின்றிப் புரிந்துகொண்டிருப்பார்.

தெரிந்து தெளிவோம்

‘குவாரன்டைன்’ என்பது நாற்பது என்னும் எண்ணைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து தோன்றியது. 1377ஆம் ஆண்டு ரகூசா நகரம், கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வருவோர் நகருக்குள் நுழையுமுன் 30 நாள் தனித்திருக்க வேண்டும் என ஆணையிட்டது. அந்நகரம் இன்று குரோவேசியா நாட்டில் துப்ரோவ்னிக் என வழங்குகிறது. பின்னர் இக்காலம் 40 நாளாக நீண்டது. அதுவே பெயராகவும் நிலைத்தது.

சட்டத்தில் சொல்லிணைகள்

சொல்லின் எல்லையை மிகக் கூர்மையாக வகுப்பது சட்டம். ‘அக்யூஸ்டு’ என்பவர் குற்றஞ்சாட்டப்பட்டவர். ‘கன்விக்ட்’ என்பவர் நீதிமன்றத்தால் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டவர். கைதுசெய்யப்பட்ட ஒருவரைக் ‘குற்றவாளி’ என்று எழுதுவது, நீதிமன்றம் வழங்க வேண்டிய தீர்ப்பை எழுதுபவரே வழங்கிவிடுவதாகும். அவர் பின்னர் விடுதலை பெற்றாலும், அச்சொல் அவர்மீது படியவைத்த கறை எளிதில் நீங்காது.

திருட்டு, கொள்ளை, கூட்டுக்கொள்ளை ஆகியவை ‘தெஃப்ட்’, ‘ராபரி’, ‘டெகாய்ட்டி’ ஆகியவற்றிற்கு ஈடானவை. உடையவர் இசைவின்றி அவருடைய பொருளை நேர்மையற்ற எண்ணத்துடன் கவர்வது திருட்டு. அவ்வாறு கவரும்போது காயம் விளைத்தாலோ உடனடித் தீங்கு குறித்த அச்சத்தை உண்டாக்கினாலோ அது கொள்ளையாகும். ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்து கொள்ளையில் ஈடுபட்டால் அது கூட்டுக்கொள்ளை. 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் இவ்வெல்லைகளைப் பேணுகிறது. பூட்டிய வீட்டில் ஆளில்லாதபோது நகை களவுபோனதைக் ‘கொள்ளை’ என எழுதுவது பொதுவழக்கிற்குப் பொருந்தலாம், சட்டத்திற்குப் பொருந்தாது.

நிருவாகத்தில் ‘சஸ்பென்ஷன்’ என்பது பணியிடை நீக்கம். ‘டிஸ்மிஸல்’ என்பது பணிநீக்கம். பணியிடை நீக்கம் பெற்றவர் பணியிலிருந்து விலக்கப்பட்டவர் அல்லர். விசாரணை முடியும்வரை பிழைப்பூதியம் பெறுவார். குற்றம் மெய்ப்பிக்கப்படாவிடில் பணிக்குத் திரும்புவார். ‘இடை’ என்னும் ஈரெழுத்துச் சொல் விடுபட்டால், ஒருவரின் வாழ்க்கையே பறிபோனதாகச் செய்தி மாறிவிடும்.

இரு தொடர்களும் இருபத்தெட்டு ஆண்டுகளும்

இந்திய அரசமைப்பின் 21ஆம் உறுப்பு உயிருக்கும் உடல்சார் உரிமைக்கும் பாதுகாப்பு அளிப்பது. அதன் வரைவில் தொடக்கத்தில் இடம்பெற்ற தொடர் ‘டியூ பிராசஸ் ஆஃப் லா’ என்பது. நேரிய சட்ட நடைமுறை என்று அதனைத் தமிழில் கூறலாம். அமெரிக்க அரசமைப்பில் உள்ள தொடர் இது. ஒரு சட்டம் முறைப்படி இயற்றப்பட்டது என்பது மட்டும் போதாது. அது நியாயமானதா என்றும் நீதிமன்றம் ஆராயலாம் என்பது அந்நாட்டில் இத்தொடர் பெற்ற பொருள்.

அரசமைப்பு ஆலோசகர் பெனகல் நரசிங்க ராவ் 1947ஆம் ஆண்டு அமெரிக்கா சென்றபோது, அந்நாட்டு உச்சநீதிமன்ற நீதிபதி பீலிக்ஸ் பிராங்பர்ட்டரைச் சந்தித்தார். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இயற்றும் சட்டங்களை நீதிபதிகள் செல்லாதனவாக்க இத்தொடர் இடமளிக்கிறது என அவர் எச்சரித்தார். அதன்பின் ‘புரொசீஜர் எஸ்டாப்ளிஷ்ட் பை லா’, அதாவது சட்டம் வகுத்த நடைமுறை என்னும் தொடர் வரைவில் இடம்பெற்றது. ஜப்பானின் அரசமைப்பில் உள்ள தொடரை ஒட்டியது இது. 1948 டிசம்பரில் அரசமைப்பு நிருணய மன்றம் இதனை விவாதித்தபோது, இரு தொடர்களிலும் இடர்ப்பாடு உண்டு என்று அண்ணல் அம்பேத்கர் எடுத்துரைத்தார். முடிவை மன்றத்திடமே விட்டார். மன்றம் இரண்டாவது தொடரை ஏற்றது.

மேலோட்டமாக நோக்குவோர்க்கு இரு தொடர்களும் ஒன்றுபோலத் தோன்றும். இரண்டிலும் சட்டம் உண்டு; நடைமுறை உண்டு. வேறுபாடு எவ்வளவு பெரிது என்பது 1950ஆம் ஆண்டிலேயே தெரிந்தது. தடுப்புக்காவல் சட்டத்தின்கீழ் அன்றைய சென்னை மாநிலத்தில் சிறைவைக்கப்பட்டிருந்த பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலன் உச்சநீதிமன்றத்தை நாடினார். சட்டம் என்றால் நியாயமான சட்டம் என்றே பொருள்கொள்ள வேண்டும் என்பது அவர் தரப்பு வாதம். முறைப்படி இயற்றப்பட்ட சட்டம் ஒரு நடைமுறையை வகுத்திருந்தால் அதுவே போதும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் கருதினர். ‘டியூ’ என்னும் சொல் இடம்பெறாமையும் அவர்கள் கூறிய காரணங்களுள் ஒன்று. நீதிபதி பசல் அலி மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். தடுப்புக்காவல் சட்டத்தின் ஒரு பிரிவு மட்டும் செல்லாது என அறிவிக்கப்பட்டது. கோபாலனின் மனு தள்ளுபடியாயிற்று.

28 ஆண்டுகளுக்குப்பின், 1978 சனவரியில், மேனகா காந்தி வழக்கில் உச்சநீதிமன்றம் வேறுவகையில் தீர்ப்பளித்தது. அவருடைய கடவுச்சீட்டைக் காரணம் கூறாமல் அரசு முடக்கியிருந்தது. சட்டம் வகுக்கும் நடைமுறை நியாயமாகவும் நேர்மையாகவும் அறிவுக்குப் பொருந்துவதாகவும் இருத்தல் வேண்டும். மனம்போனபடி வகுப்பது நடைமுறை ஆகாது என்று நீதிமன்றம் விளக்கியது. அரசமைப்பில் எழுதப்பட்ட சொற்கள் மாறவில்லை. அவற்றிற்குக் கொள்ளப்பட்ட பொருள் மாறியது. ‘டியூ’ என்ற ஒற்றைச் சொல் விடுபட்டதனால் ஏற்பட்ட இடைவெளியை நிரப்ப ஒரு தலைமுறைக்காலம் தேவைப்பட்டது.

வேறுபாட்டை அறியும் வழிகள்

நெருங்கிய இரு சொற்களின் வேறுபாட்டை அகராதியைக் கொண்டு மட்டும் அறிதல் அரிது. அகராதி சில வேளைகளில் ஒன்றை மற்றொன்றின் பொருளாகவே தரும். பின்வரும் நான்கு வழிகள் துணைபுரியும்.

முதலாவது, மாற்றிப் பார்த்தல். ஒரு தொடரில் ஒரு சொல்லை நீக்கி அதன் இணையை வைத்துப் பொருள் மாறுகிறதா என நோக்க வேண்டும். ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’ என்பது தன்னலச் சார்பு இல்லாத நடுநிலையைக் குறிக்கும். ‘அன்இன்ட்ரஸ்டட்’ என்பது ஆர்வமின்மையைக் குறிக்கும். நீதிபதி முன்னவராக இருத்தல் வேண்டும். பின்னவராக இருத்தல் கூடாது.

இரண்டாவது, உடன்வரும் சொற்களை நோக்குதல். ‘எகனாமிக்’ என்பது கொள்கை, வளர்ச்சி முதலியவற்றோடு வரும். பொருளாதாரம் சார்ந்தது என்பது அதன் பொருள். ‘எகனாமிக்கல்’ என்பது செலவு, எரிபொருள் முதலியவை பற்றிய தொடர்களில் வரும். சிக்கனமானது என்பது அதன் பொருள்.

மூன்றாவது, எதிர்ச்சொல்லைத் தேடுதல். எதிர்ச்சொற்கள் வேறுபட்டால் சொற்களும் வேறுபட்டவையே. குற்றவாளிக்கு எதிர்ச்சொல் குற்றமற்றவர். குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிர்நிலையில் நிற்பவர் குற்றஞ்சாட்டியவர்.

நான்காவது, வேரை ஆராய்தல். ‘இன்ஃபிளேமபிள்’ என்பதன் வேரை அறிந்தவர் அதனை எதிர்மறையாகக் கொள்ளமாட்டார்.

தமிழில் விரியும் சொற்கள்

ஆங்கிலத்தில் இணைகளாக இருப்பவை தமிழில் ஒன்றாகிவிடுவது போலவே, தமிழில் பலவாக இருப்பவை ஆங்கிலத்தில் ஒன்றாகிவிடுவதும் உண்டு. வயலில் விளைவது நெல், உமி நீங்கினால் அரிசி, வெந்தால் சோறு. மூன்றிற்கும் ‘ரைஸ்’ என்ற ஒரு சொல்லையே ஆங்கிலம் பொதுவாக வழங்குகிறது. ‘பிரதர்’ என்ற சொல் வந்தால், அண்ணனா தம்பியா என்று அறியாமல் தமிழில் பெயர்க்க இயலாது. ‘அங்கிள்’ என்பது பெரியப்பா, சிற்றப்பா, மாமா ஆகிய மூவருக்கும் பொதுவாகி, அவ்வுறவுகளை வேறுபடுத்தும் சொற்களை இளையோர் நாவிலிருந்து மெல்ல அகற்றிவருகிறது.

ஒரு மக்கள் எவற்றை வேறுபடுத்திக் காண வேண்டியிருந்ததோ அவற்றிற்கெல்லாம் தனித்தனிச் சொல் படைத்துக்கொண்டனர். உழவும் உறவும் தமிழர்க்கு இன்றியமையாதனவாக இருந்தமையால் அவற்றில் நுண்ணிய சொற்கள் தோன்றின. இன்று அறிவியலும் மருத்துவமும் சட்டமும் அவ்வாறே இன்றியமையாதன ஆகிவிட்டன. நிறையையும் எடையையும், வேகத்தையும் திசைவேகத்தையும் பிரித்துக் காட்டிய தமிழுக்கு எஞ்சிய இணைகளைப் பிரித்துக்காட்டும் ஆற்றலும் உண்டு. எழுதுவோர் அவ்வேறுபாட்டை முதலில் உணர்தல் வேண்டும்; உணர்ந்தபின் சொல் கிடைக்கும்.

கற்பவை கற்றபின்

1. ஒரு வாரத்தின் நாளிதழ்களைப் படித்து, ‘குற்றவாளி’, ‘கொள்ளை’, ‘பணிநீக்கம்’ ஆகிய சொற்கள் இடம்பெறும் செய்திகளைத் தொகுக்க. அவை சட்டப்பொருளில் வழங்கியுள்ளனவா என வகுப்பறையில் கலந்துரையாடுக.

2. ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் வழங்கித் தமிழில் பல சொற்களாக விரியும் ஐந்து சான்றுகளை உங்கள் ஊர் வழக்கிலிருந்து திரட்டுக.

மதிப்பீடு

குறுவினா

1. ஈ, தா, கொடு ஆகிய சொற்களின் பயன்பாட்டு வேறுபாடு யாது?
2. ‘இன்ஃபிளேமபிள்’ என்னும் சொல் பிறழ உணரப்படுவதற்குக் காரணம் என்ன?

சிறுவினா

1. நிறை, எடை ஆகியவற்றின் வேறுபாட்டைச் சான்றுடன் விளக்குக.
2. ‘தனிமைப்படுத்தல்’ என்னும் ஒரே சொல்லால் இரு கருத்துகளைக் குறிப்பதால் விளையும் இடர்ப்பாட்டை எழுதுக.

நெடுவினா

1. ‘ஒரு சொல்லின் வேறுபாடு ஒரு மனிதரின் உரிமையையே மாற்றக்கூடும்’ – அரசமைப்பின் 21ஆம் உறுப்பைக் கொண்டு இக்கருத்தை நிறுவுக.